மன்சூரின் வரிக்குதிரை

1621இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவைக்கு ஒரு வரிக்குதிரை வந்து சேர்ந்தது. பார்த்தவர்களில் சிலர் நம்பவில்லை. யாரோ சாயம் பூசிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். நுணுகிப் பார்த்த பிறகே அது படைத்தவன் கைவேலை என்று தெரிந்ததாகப் பேரரசரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கோடுகளை நிஜமாகவே சாயத்தால் இழுக்கும் வேலை அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூருக்கு வாய்த்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படத்தில் விலங்குதான் எல்லாம், பின்னணி வெறுமை. முகத்தில் இழையாக ஓடும் வரிகள் பின்தொடையில் அகன்று, காலில் இறங்கும்போது மறுபடி நெருங்குகின்றன. தலையில் பூட்டிய வாரையும் மன்சூர் விட்டுவிடவில்லை. காட்டு விலங்குதான், ஆனால் கட்டுண்டு நிற்கிறது. அதை மறைத்து ஒரு புல்வெளியை வரைந்து வைப்பது எவ்வளவு எளிது!

முகலாய ஓவியர்களின் மெல்லிய தூரிகை அணில் வால் மயிரால் ஆனது. அதில் உரோமம் உரோமமாக வரைகிறவனுக்கு அவசரம் கூடாது. அதே அரசவையில் இன்னொரு கணக்கும் நடந்தது: 1616 வரை தம் கையால் வீழ்த்திய விலங்குகளும் பறவைகளும் 17,167 என்று ஜஹாங்கீர் எழுதிவைத்தார். சாரசக் கொக்கு இணை ஒன்றுக்கு லைலா, மஜ்னூன் என்று பெயர் சூட்டி, அவை அடைகாப்பதை உன்னிப்பாகக் கவனித்தவரும் அவரேதான். வேட்டைக்காரனும் உற்றுத்தான் பார்க்கிறான். ஆனால் குறி கிடைத்ததும் அவன் பார்வை முடிந்துவிடுகிறது. ஓவியனுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

விலங்கோடு ஓவியனுக்கு உள்ள உறவை நாம் உடனே அன்பு என்று சொல்லிவிடுகிறோம். மன்சூர் எதுவும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. அவருக்கு அந்த விலங்கின்மேல் அன்பு இருந்ததா என்று படத்தைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. வரிக்குதிரை அங்கே சோகமாகவும் இல்லை, கம்பீரமாகவும் இல்லை. நம் மனநிலை எதையும் அதன்மேல் ஏற்றாமல், அதை அதுவாகவே நிற்க விட்டிருக்கிறார். அன்பைவிட இது கடினம் என்று நினைக்கிறேன். அன்புக்குக்கூட ஒரு பதில் பார்வை தேவைப்படுகிறது.

ரஷ்யாவில் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஓவியம் ஒன்று இருக்கிறது. மொரீஷியஸ் தீவின் அந்தப் பறவை அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்துபோனது. வரைந்தவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நிற்கும் மற்றப் பறவைகளுக்குக் கொடுத்த அதே கவனத்தைத்தான் அதற்கும் கொடுத்தார். தெரிந்திருந்தால் இரக்கம் வந்திருக்கும். இரக்கம் கோட்டைக் கொஞ்சம் வளைத்திருக்கும். ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் ரோலண்ட் சேவரி வரைந்த டோடோ கொழுத்து உருண்ட வேடிக்கைப் பறவை. உலகம் அதைத்தான் நெடுங்காலம் நம்பியது. உயிரோடிருந்த டோடோ எப்படி இருந்தது என்று கேட்கும் விலங்கியலாளர்கள் இன்று திரும்புவது இந்த மெலிந்த, பழுப்பு நிறப் பறவையிடம்.