ஏற்றம் வேண்டாம் என்ற கிழவரும் டேபிள் சாவும்

சீன ஞானி சுவாங்ட்சுவின் பெயரால் வழங்கும் நூலில் ஒரு தோட்டக்காரக் கிழவர் வருகிறார். கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டு, சுமந்துகொண்டு மேலேறி வந்து பாத்தியில் ஊற்றுகிறார். வழியே போன கன்பூசியஸின் சீடர் ஒருவருக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏற்றம் வைத்து இறைத்தால் ஒரே நாளில் நூறு பாத்திக்குப் பாய்ச்சலாமே என்று யோசனை சொல்கிறார். கிழவருக்குக் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. ஏற்றம் எப்படி வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தொடத்தான் வெட்கப்படுகிறார். பொறி வந்தால் கூடவே பொறிக்குரிய கவலை வரும், அந்தக் கவலை நெஞ்சில் குடியேறினால் நெஞ்சின் தெளிவு போய்விடும் என்பது அவர் கட்சி.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வழக்கு, இன்று வீட்டின் கார் ஷெட்டில் டேபிள் சாவுக்கு மேடை கட்டிக்கொண்டிருப்பவரையும் விடாது. பொழுதுபோக்குக்காக மரவேலை செய்கிறவருக்கு அவசரம் என்ன? கைரம்பமும் உளியும் போதாதா? வேலையில் மனம் ஒன்ற வேண்டும் என்றுதானே பட்டறைக்கே வந்தார்?

மேடை எப்படி எழுகிறது என்று பார்த்தால் பதிலில் பாதி கிடைத்துவிடும். டேபிள் சாவில் வட்ட ரம்பம் மேசைக்கு அடியிலிருந்து தலை நீட்டிச் சுழல்கிறது. ஆள் மரத்தைத் தள்ளிக்கொடுக்கிறார். வீட்டுக்கு வாங்கும் சிறிய ரகங்களில் பத்து அங்குல பிளேடு இருக்கும், ஆனால் மேசைப்பரப்பு போதாது. எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டைத் தனியாளாகத் தள்ளினால் பாதி அறுப்பதற்குள் அது பின்பக்கம் சாயும். அதனால்தான் ரம்பத்தை நடுவில் இறக்கி, சுற்றிலும் அதே மட்டத்தில் பலகை பரப்பி, அறுபட்ட மரம் வந்து படுக்கப் பின்னால் ஒரு மேசையையும் சேர்க்கிறார்கள். இடம் குறைந்த ஷெட் என்றால் அடியில் பூட்டுள்ள சக்கரங்கள். தூளை உறிஞ்ச ஒரு குழாய்.

இதெல்லாம் தச்சு. இதற்குப் பிறகு வருவதுதான் தவம். மேசையில் வெட்டியிருக்கும் காடிக்கு பிளேடு இணையாக நிற்க வேண்டும். மரம் உரசிக்கொண்டு போகும் ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும். ஃபென்ஸின் பின்முனை ஒரு மயிரிழை பிளேடு பக்கம் ஒதுங்கினாலும், மரம் இரண்டுக்கும் நடுவில் இறுகும். பின்பக்கத்துப் பற்கள் அதைக் கவ்வித் தூக்கித் தள்ளுகிறவர் மீதே எறியும். தொழிலில் இதைக் கிக்பேக் என்பார்கள். அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற தகடு நிற்கிறது. பின்மேசை ரம்ப மேசையைவிட உயர்ந்தால் மரத்தின் முனை இடித்து நின்றுவிடும். ஒரு நூலளவு தாழ்ந்தால் பாதகமில்லை. இத்தனையையும் மூலைமட்டமும் நேர்விளிம்புச் சட்டமும் வைத்துச் சரிபார்த்த பிறகே முதல் துண்டு அறுபடும்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியராக இருந்த டேவிட் பை 1968-இல் வெளியிட்ட நூலில் கைவினையை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில், வேலை முடியும்வரை ஒவ்வொரு நொடியும் பொருள் கெட்டுப்போக வாய்ப்புண்டு. கையும் கண்ணும்தான் காப்பு. மற்றதில், முடிவு முன்பே தீர்ந்துவிட்டது. அச்சும் சட்டமும் அதைப் பார்த்துக்கொள்ளும். டேபிள் சா இரண்டாம் வகை. ஆனால் கவனம் அங்கே காணாமல் போவதில்லை, அறுப்பதற்கு முன்னால் நகர்ந்துவிடுகிறது. கைரம்பக்காரர் வெட்டுக்கோட்டில் செலவழிக்கும் கவனத்தை இவர் மேடையில் முதலீடு செய்கிறார். கிழவர் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பக்தர்களிலேயே பொறியைக் கண்டு அஞ்சாதவர்கள் உண்டு. மான்செஸ்டரில் பிறந்த ஆன் லீயைப் பின்தொடர்ந்து 1774-இல் அமெரிக்கா வந்த ஷேக்கர்கள் பிரம்மசரியமும் பொதுவுடைமையும் கொண்டவர்கள். உழைப்பையே வழிபாடாகக் கருதியவர்கள். மாசசூசெட்ஸின் ஹார்வர்ட் ஊரிலிருந்த ஷேக்கர் குடியிருப்பில் தபிதா பாபிட் என்ற பெண், இருவர் இழுத்தறுக்கும் ரம்பத்தில் ஓர் இழுப்பு வீணாவதைப் பார்த்து 1813 வாக்கில் வட்ட ரம்பத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் 1777-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கதை பொய்யாகவே இருக்கட்டும். ஒரு மடத்துச் சமூகம் தன் சகோதரியின் பெருமையாக ஓர் இயந்திரத்தைச் சொல்லிக்கொண்டது என்பதே கவனிக்கத்தக்கது.

இன்னும் அழுத்தமான சாட்சி ஜார்ஜ் நகாஷிமா. இந்த ஜப்பானிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்க்க வந்து, சீடராகவே ஆகிவிட்டார். அரவிந்தர் வைத்த பெயர் சுந்தரானந்தா. போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த மினிடோகா முகாமில், கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம் தொழில் நுணுக்கம் பழகினார். பிறகு பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை வைத்தார். மரத்துக்கு ஆன்மா உண்டென்று நம்பியவர், இயந்திரத்தை ஒதுக்கவில்லை. பெரிய அடிமரத்தை மில்லில் அறுக்கும்போது எந்தக் கோணத்தில் பிளக்க வேண்டும் என்று தானே நின்று தீர்மானிப்பார். பலகையில் வெடிப்பு இருந்தால் மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதித்துப் பிணைப்பார்.

கிழவருக்கு ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்தாக வேண்டும். டேபிள் சாவுக்கு நேர்கோடுதான் பிடிக்கும். ஃபென்ஸில் சாய்க்க ஒரு நேர்விளிம்பு இல்லாத பலகை அதற்கு ஆகாது. அந்த ருசிக்குப் பழகியவர் நாளடைவில் பெட்டி பெட்டியாகவே செய்துகொண்டிருப்பார். நகாஷிமா மேசைகளின் ஓரத்தை மரம் வளர்ந்த வளைவிலேயே விட்டதற்கு இதற்கு எதிரான மனம் வேண்டியிருந்தது.

கிழவரின் கதையைச் சொல்கிற பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சீடர் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது கன்பூசியஸ் அப்படியொன்றும் மயங்கிவிடவில்லை: அந்தக் கிழவருக்கு ஒன்று தெரிகிறது, இரண்டாவது தெரியவில்லை, உள்ளே இருப்பதைப் பேணி வெளியே இருப்பதை விட்டுவிட்டார் என்கிற பாங்கில் சொல்கிறார். வெளியே இருப்பது என்றால், இங்கே, விரல். மரத்துக்கு உறுதி தரும் இயந்திரம் ஆபத்தைச் சதைக்கு மாற்றிவிடுகிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா காயங்களோடு சிகிச்சைக்குப் போகிறார்கள். ஒரேகானைச் சேர்ந்த ஸ்டீவ் காஸ் இதற்காக உருவாக்கிய சாஸ்டாப்பில், பிளேடில் ஓடும் சிறு மின்சமிக்ஞை தோல் பட்டதை உணர்ந்ததும் ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து, சில மில்லி நொடிகளில் ரம்பத்தை நிறுத்துகிறது. இது இருந்தால் கவனம் மழுங்கிவிடாதா என்று கிழவர் கேட்பார். மனம் அலையும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. ஞானிகளும் அதையேதான் சொல்லிவந்தார்கள். சாஸ்டாப்பின் விலையைக் கொடுக்க முடியாதவர்கள், மேடை கட்டி முடித்ததும் இடைஞ்சல் என்று ரைவிங் நைஃபையும் பிளேடு மூடியையும் கழற்றி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். நிறுத்தும் சுவிட்சை, மரத்திலிருந்து கையை எடுக்காமலே முழங்காலால் தட்டும் உயரத்தில் வையுங்கள்.