யாருடைய பிசகு?

சிவப்புத் துணியில் சிவப்பு ஸ்டிக்கர் தெரியாது. அதனால் அன்றைக்கு வெள்ளை ஸ்டிக்கர் எடுத்துப் போயிருந்தேன். எதிர்வீட்டு அக்கா தைத்து முடித்திருந்த அங்கியைத் திண்ணையில் விரித்து, கீழ்மடிப்பு சுருங்கியிருந்த இடங்களில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தேன். 11 இடம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 14 வருடம் செக்கிங் பார்த்த கை, யோசிக்காமலே செய்யும். நிமிர்ந்தபோது அக்கா துணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கம்பெனில என்ற பீசுக்கு ஒட்டுவாங்களே, அதே மாதிரியே ஒட்டற அம்மிணி” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல்தான். நான் சிரித்து மழுப்பிவிட்டு, “பிரிச்சு மறுபடி அடிச்சுக் குடுங்கக்கா” என்றேன். அது மூன்றாவது தடவை.

அங்கி என் அண்ணன் மகளுக்கு. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1983இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’ படத்தில் பேரரசனுக்குக் காவல் நிற்கிறவர்கள் தலை முதல் தரை வரை சிவப்பு உடுத்தியிருப்பார்கள். வழுவழுப்பான சிவப்பு ஹெல்மெட், கண்ணுக்கு மட்டும் ஒரு கறுப்புப் பிளவு. முகம் தெரியாது, பேச மாட்டார்கள், அரசன் போகச் சொன்னால் போய்விடுவார்கள். படத்துக்கு உடை வடிவமைத்தவர்கள் ஏகி கெரார்ட் ராட்ஜர்ஸ் என்ற பெண்ணும் நீலோ ரோடிஸ் ஜமேரோ என்பவரும். சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல்முறையாகக் காமிக் கான் நடந்ததிலிருந்து பிள்ளைக்கு அந்த வேஷத்தின்மேல் ஒரே கிறுக்கு. “சுமாரா இருந்தா வேண்டாம் அத்தை, ஸ்கிரீன்ல இருக்கற மாதிரியே வேணும்” என்றாள். அளவு, நிறம், மடிப்பு விழும் இடம் எல்லாம் திரையில் உள்ளபடியே. இப்படிச் செய்து போட்டுக்கொள்கிறவர்களுக்கு அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய ‘501வது லீஜியன்’ என்ற உலகளாவிய ரசிகர் அமைப்பே இருக்கிறது. ஒவ்வொரு உடைக்கும் இன்னின்னபடி இருக்க வேண்டும் என்ற பட்டியல் வைத்திருக்கிறார்கள். போட்டோ அனுப்பி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் சேர முடியும்.

பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பையர் அனுப்பும் ஸ்பெக் ஷீட் மாதிரியே இருந்தது. சம்பளமில்லாமல் ஸ்பெக் ஷீட்டைப் பின்பற்ற உலகத்தில் இத்தனை பேர் ஆசைப்படுகிறார்களா என்று ஆச்சரியம். அப்புறம் நானும் ஆசைப்பட்டேன், அது வேறு கதை.

முதலில் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சிவப்புப் பனியன் துணி வாங்கி வந்தேன். தப்பு. பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. அவ்வளவு நீளத்துக்குத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே இழுபட்டுக் கீழே இறங்கும். திரையில் அந்த அங்கி கல்லில் செதுக்கியதுபோல் நேராக விழுகிறது, அதற்குத் தறியில் நெய்த கனமான துணி வேண்டும். ஈரோடு போய் எடுத்து வந்தோம். வட்டமாக வெட்டிய அங்கியில் துணி சில இடங்களில் நேராகவும் சில இடங்களில் குறுக்காகவும் வரும். குறுக்கு வாக்கில் வருகிற இடம் மெல்லத் தொங்கி நீளும். அதனால் உடனே மடித்து அடிக்கக் கூடாது, ஒரு ராத்திரி மாட்டி வைத்து, நீள வேண்டியது நீண்ட பிறகு கீழே சமமாக வெட்ட வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தது அக்காதான். கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் ஓட்டி, பவர் டேபிளில் 20 வருடம் உட்கார்ந்து, முதுகு ஒத்துழைக்காமல் வீட்டுக்கு வந்தவர். இப்போது குண்டடத்தில் ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைக்கிறார். ஹெல்மெட்டை ஃபோம் ஷீட்டைச் சூடுபடுத்தி வளைத்துப் பிள்ளையே செய்துகொண்டாள். பைக்குக்கு அடிக்கிற சிவப்பு ஸ்பிரேயை அடித்தாள்.

நிறத்தில்தான் நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். அவளுடைய போனில் ஒரு சிவப்பு, என் போனில் ஒரு சிவப்பு, அண்ணன் வீட்டு டிவியில் ரத்தம் உறைந்த மாதிரி இன்னொன்று. கம்பெனியில் நிறம் பார்க்க ஒரு விளக்குப் பெட்டி உண்டு. பகல் வெளிச்சத்துக்கு டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84. ஒரு விளக்கில் அச்சாக ஒத்துப்போகிற இரண்டு சிவப்பு இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். அதனால் எந்த விளக்கின் கீழ் என்று சொல்லாமல் ‘அதே நிறம்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த உடை ஸ்டூடியோ விளக்கில் நின்றது, பிலிமில் பதிந்தது, பிறகு பிரிண்ட், டிவிடி, போன். எதற்கு உண்மையாக இருப்பது? நூலுக்குப் போட்ட சாயத்துக்கா, நம் கண்ணுக்கு வந்து சேர்ந்த பிம்பத்துக்கா? பிள்ளை தயங்காமல் பிம்பத்துக்கு என்றாள். சாயம் என்றால் எனக்கு வேறு ஞாபகம் வருகிறது. நொய்யலில் சாயக்கழிவு ஓடியதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வெளிநாட்டுக் கடை அலமாரியில் நிறம் பிசகாமல் இருந்தது, ஆற்றில்தான் பிசகியது.

ஸ்டிக்கர் ஒட்டிய அன்று ராத்திரி பிள்ளை ஒன்றைக் காட்டினாள். 1977இல் வந்த முதல் படத்தின் வெள்ளைக் கவச வீரர்களின் ஹெல்மெட். அதை உற்றுப் பார்த்தால் இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்காது. காது மூடி பொருந்தாமல் திருகாணி வெளியே தெரியும், கையால் தீட்டிய கோடுகள் ஒரு சீராக இருக்காது. 1976இல் இங்கிலாந்தில் அவசரத்தில், சொற்பச் செலவில் செய்தவை. இன்றைக்கு அதைப் பிரதி எடுக்கிறவர்கள் அந்தக் கோணலை அளந்து, அதே கோணலோடு செய்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாகச் செய்துவிட்டால் அதுதான் பிழை! அதே படத்தில் ஒரு வீரர் கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்வார், படப்பிடிப்பில் நடந்த பிசகு. 2004 டிவிடியில் அதற்கு ‘டொக்’ என்று சத்தமே சேர்த்தார்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களிடம் கணக்கு வேறு. 1201 முதல் 3200 பீஸ் வரை உள்ள லாட்டில் 125 எடுத்துப் பார்ப்போம். ஏக்யூஎல் 2.5 என்றால் 7 பழுது வரை பாஸ், 8ஆவது வந்தால் லாட் முழுக்கத் திரும்பும். அந்த எட்டாவது பழுதை யார் தைத்தார்கள் என்று பண்டல் நம்பரை வைத்துத் தேடிப்போவோம். கிடைத்த பெண் மறுபடி உட்கார்ந்து பிரிப்பாள், பீஸ் ரேட்டில் பிரிப்பதற்குக் கூலி கிடையாது. அவளுடைய பெயர் ஒரு உடுப்போடு சேர்ந்து வருகிற ஒரே தருணம் அதுதான். சரியாகத் தைத்த ஆயிரம் பீசில் அவள் இல்லை, கோணலான ஒன்றில் மட்டும் இருக்கிறாள். அங்கேயோ கோணல் விட்ட கை மூலம் என்று கொண்டாடப்படுகிறது. பிசகுவது எல்லாருக்கும் உண்டு. யாருடைய பிசகு அடையாளமாகிறது, யாருடையது டேமேஜ் ஆகிறது?

கொண்டாட்டத்திலும் எல்லாருக்கும் இடம் இல்லை. அந்த ஹெல்மெட்டைப் பிளாஸ்டிக்கில் வார்த்த ஆண்ட்ரூ எயின்ஸ்வொர்த் பிற்காலத்தில் பிரதிகள் விற்க, லூகாஸ்ஃபில்ம் வழக்குப் போட்டது. 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஹெல்மெட் சிற்பம் அல்ல, படம் எடுக்கப் பயன்பட்ட பொருள் என்று சொன்னது, அதனால் அங்கே சிற்பத்துக்குரிய காப்புரிமை கிடையாது. ஆனால் களிமண்ணில் முதலில் அதை வனைந்தது யார்? விசாரணை நீதிமன்றம் நிக் பெம்பர்டன் என்பவரின் பெயரை ஏற்றது. கவசத்தைச் செதுக்கிய பிரையன் மியூர், அந்த ஹெல்மெட்டைச் செதுக்கியது லிஸ் மூர் என்ற பெண் என்று சொல்லி வருகிறார். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் முடிவில் வருகிற விண்வெளிக் குழந்தையைச் செய்தவர் அவர். சி-3பிஓ என்ற பொன்நிற ரோபோவின் உருவத்திலும் அவர் கை உண்டு. படம் வெளிவருவதற்கு முன்பே, 1976இல், கார் விபத்தில் இறந்துபோனார். சாட்சி சொல்ல அவர் இல்லை. தீர்ப்பில் எனக்கு உறுத்துவது ‘பயன்பட்ட பொருள்’ என்ற சொல். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தையல், சமையல், கோலம் என்று பெண்கள் கை பட்டதெல்லாம் எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் எழுதப்படுகிறது. பயன் முடிந்ததும் செய்தவரைக் கேட்கத் தேவையில்லாத பக்கம்.

இப்படிச் சொல்வதால் துல்லியமே அடக்குமுறை என்று ஆகாது. கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிச் சேர்த்து, தாளில் ஒட்டிக் கணக்குக் காட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் சுற்றியிருக்கிற பீஸ் எல்லாம் நிற்கும். எரிச்சலாக இருக்கும். ஆனால் எங்கோ ஒரு கைக்குழந்தை அதைப் போடப் போகிறது. முகம் தெரியாத பிள்ளையின் தோலுக்காகக் குனிந்து தேடுவதை அடிமைத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரி சிமோன் வெயில், தத்துவ ஆசிரியை, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரில் பாரிஸில் தொழிற்சாலைக் கூலியாகப் போனார். எண்ணிக்கைக்கு ஓடுகிற வேலையில் மனசு யோசிப்பதையே நிறுத்திக்கொள்கிறது என்று அங்கே கண்டார். அதே பெண்தான் கவனிப்பு என்பதை ஒருவர் இன்னொருவருக்குத் தரக்கூடிய பெரிய கொடையாக நினைத்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன். ஊசித் துண்டைத் தேடும்போது நான் ஒரு குழந்தையைக் கவனிக்கிறேன். 11 ஸ்டிக்கர் ஒட்டியபோது யாரைக் கவனித்தேன்? அக்காவை இல்லை. பிள்ளையைக்கூட இல்லை, அவள் சுருக்கத்தைக் கவனிக்கவே இல்லை. திரையில் ஒரு கணம் கடந்துபோகிற உடுப்பைக் கவனித்தேன் என்று சொல்லலாம். ஆனால் உண்மையில் அதுவும் இல்லை. தப்புக் கண்டுபிடிக்கிற அதிகாரம் என் கையில் இருந்தது, அந்தச் சுகம்.

செக்கிங் டேபிளில் நிற்கிறவள் காவலாளிதான், அதை நான் ஒப்புக்கொண்டதில்லை. கேட்டில் பை சோதிக்கிறவர், ஹாஸ்டல் வாசலில் நேரம் எழுதுகிறவர், சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருடக் கடைசியில் வரப்போகும் மொத்தத் தொகைக்காகப் பிள்ளைகளை மில்லுக்குள் வைத்திருந்த காலத்தின் வார்டன் அக்காக்கள், இவர்களைப் பற்றியெல்லாம் நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். என்னை அந்த வரிசையில் நிறுத்தியதில்லை. அவர்களும் கூலிக்காரிகள்தான், நானும்தான். முகமூடி போட்டவளுக்கும் மேலே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அக்கா திண்ணையில் என்னை யாரும் உட்கார வைக்கவில்லை. நானாகத்தான் ஸ்டிக்கர் எடுத்துப் போனேன்.

மறுநாள் போய் ஸ்டிக்கரை உரித்தேன். மன்னிப்பு என்று வாயில் வரவில்லை. பிரிப்புக்கும் சேர்த்து மணிக்கணக்குப் போட்டுப் பணம் வைத்தேன். அக்கா எண்ணிப் பார்த்து, “இதுல ஒரு மணி நேரம் கொறையுது” என்றார். குறைந்துதான் இருந்தது. கொடுத்தேன். மூன்றாவது தடவை பிரிக்கச் சொன்னதை அவர் பிரிக்கவே இல்லை, எனக்குப் பதில் சொல்லிவிட்டுத் துணியை ஓரமாக மடித்து வைத்திருக்கிறார்.

பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் தெருவில் நடந்தாள். நாய்கள் விடாமல் குரைத்தன. வடுகநாதர் காவல் இருக்கிற ஊரில் இன்னொரு காவலா என்று அவற்றுக்குத் தோன்றியதோ என்னவோ. பெரியவர் ஒருவர், “எந்தக் கோயிலுக்குங்க வேண்டுதல்?” என்று மரியாதையாகக் கேட்டார். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது வியர்வையில் நனைந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனதாகச் சொன்னாள். “எல்லாரும் பாத்தாங்க அத்தை. ஆனா என்னய யாரும் பாக்கல” என்றாள். 19 வயதில் நான் அதே பஸ் ஸ்டாண்டில் கம்பெனி வண்டிக்காகத் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. ஒரு கொடுங்கோலனின் காவலாளி உடுப்புக்குள் நுழைந்துதான் ஒரு பெண்ணுக்கு அந்த நிம்மதி கிடைக்க வேண்டுமா? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்காவுக்குப் படத்தைக் காட்ட வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தாள். மூன்று பேரும் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அக்கா கதையைக் கேட்கவில்லை, சிவப்புத் துணி எப்போது வரும் என்று காத்திருந்தார். வந்தார்கள், இரண்டு பக்கமும் நின்றார்கள், அரசன் சொன்னதும் போனார்கள். பிள்ளை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி காட்டினாள். அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய்க் கீழ்மடிப்பு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். தெரியவில்லை. தரையோரம் இருட்டாக இருந்தது.

“இதுக்குத்தானா மூணு தடவ பிரிக்கச் சொன்ன?” என்றார்.