கண்ணுக்குத் தெரியாத புள்ளி

நகைக்கடனுக்கு வைரத்தோட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு வங்கியில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். மதிப்பீட்டாளர் தோட்டை உரைத்துப் பார்ப்பார், எடை போடுவார், கல்லுக்கென்று ஓர் எடையைக் கழிப்பார். மிச்சத் தங்கத்துக்குத்தான் கடன். "கல்லுதாங்க காசே, அதைப் போய் கழிக்கிறீங்க" என்று சண்டைக்கு வராத ஆள் குறைவு. திருச்சியில் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். வைரத்தின் மேல் எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. நிச்சயதார்த்த மோதிரம் வாங்கத் தம்பி மகன் என்னைத் துணைக்கு அழைத்ததும் அதனால்தான். "நீங்க வந்தா ஏமாத்த மாட்டாங்க, அத்தை."

ஏமாறாமல் வாங்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. எடை, நிறம், தெளிவு, வெட்டு என்று நான்கு சொல்வார்கள். முதல் காசை வெட்டுக்குக் கொடு என்றேன். உள்ளே போன ஒளியைத் திருப்பி அனுப்புவது பட்டை தீட்டியவனின் கைவேலை. வெட்டு சரியில்லையென்றால் எத்தனை சுத்தமான கல்லும் தூங்கும். நிறவரிசை 'டி'யில் தொடங்குகிறது. தங்கத்தில் பதித்தபின் 'ஜி', 'எச்' கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது நம் கண்ணால் ஆகாது. ஒரு காரட் 200 மில்லிகிராம், கடைக்காரர் கணக்கில் 100 சென்ட். 50, 100 என்று முழு எண்ணைத் தொட்டதும் விலை தாவும். 47 சென்ட் கல்லை விரலில் பார்த்து, மூன்று சென்ட் எங்கே என்று எந்தச் சம்பந்தியும் கேட்கப்போவதில்லை.

தெளிவில்தான் வண்டி நின்றது. சான்றிதழில் 'எஸ்.ஐ.1' என்று இருந்த கல்லை நான் எடுத்து வைத்தேன். வெறுங்கண்ணுக்குத் துல்லியமான கல். விற்பனைப் பையன் லென்ஸை நீட்ட, தம்பி மனைவி வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கருப்புத் துணுக்கு.

"கரும்புள்ளி, அண்ணி. வேண்டவே வேண்டாம்."

"பிடிப்புக்குக் கீழ வந்துடும்மா, மறைஞ்சிடும்" என்றான் பையன்.

"மறைச்சா போயிடுமா?"

நல்ல கேள்வி. யாருக்கும் தெரியாத குற்றம் குற்றமா? தர்ம சாத்திரம் படித்தவர்களிடம் கேட்க வேண்டியதை அவள் ஒரு நகைக்கடைப் பையனிடம் கேட்டுவிட்டாள். அவன் பாவம், குளிர்பானம் கொண்டுவரச் சொன்னான்.

லென்ஸ்காரர்களின் பதில் விசித்திரமானது. குற்றமற்ற கல் என்று உச்சத் தரம் ஒன்று உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் தேர்ந்தவர் கண்ணுக்கு எதுவும் படவில்லை என்பதே அதன் பொருள். முப்பது மடங்கில் பார்த்தால் ஏதாவது தட்டுப்படலாம். ஆனால் பத்தோடு நிறுத்திக்கொள்வது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் குற்றமின்மை கல்லில் இல்லை, உடன்படிக்கையில் இருக்கிறது. இதில் ஒரு நாணயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. எவ்வளவு தூரம் தோண்டுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள் அல்லவா?

நம் பழைய நூல்கள் அப்படி நிறுத்தவில்லை. கல்லின் புள்ளிக்கும் கீறலுக்கும் அணிபவர் வாழ்வில் விளைவு உண்டு என்றன. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை நிறத்தை வைத்து எந்த வைரம் எந்த வருணத்துக்கு என்றும் பிரிக்கிறது. மண்ணுக்கு அடியில் கிடந்த கரிக்கும் சாதி! பிள்ளை வேண்டும் பெண்கள் வைரமே அணியலாகாது என்று சில வல்லுநர்கள் கருதுவதாகவும் அதே நூல் சொல்கிறது. சாத்திரம்தான் அளவுகோல் என்றால் நாங்கள் அந்தக் கடைக்குள் நுழைந்திருக்கவே கூடாது. நிச்சயத்தில் லக்னப் பத்திரிகை வாசிப்பதும் தாம்பூலம் மாற்றுவதும்தான் எங்கள் பாட்டி காலத்து வழக்கம். மோதிரம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

கல்லில் குற்றம் பார்க்கும் விஷயத்தில் எனக்கு இளங்கோவடிகள்தான் துணை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு போகிறான். காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் நான்கு குற்றங்களையும் நுணுகி அறிந்தவர்களின் தெரு அது. அந்தத் தெருவைச் சுற்றிவந்தவனைத்தான் அதே ஊர் ஒரு பொற்கொல்லனின் பேச்சை நம்பி வெட்டியது. சிலம்புக்குள் பரல் முத்தா மாணிக்கமா என்று அரண்மனையில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணகி வந்து உடைக்க வேண்டியிருந்தது. கல்லுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை மனிதனுக்குக் கொடுத்திருந்தால் மதுரை எரிந்திருக்காது. ஊர்காண் காதையை நான் படிக்கும்போதெல்லாம் இந்தக் கோபம்தான் வருகிறது. புலவர் அதை அங்கே வைத்ததே இதற்காகத்தானோ என்றும் தோன்றும்.

மறைந்திருக்கும் குற்றம் வைரத்தில் இல்லாமல் இல்லை. சியரா லியோனிலும் அங்கோலாவிலும் கலகப் படைகள் வைரம் விற்றுத் துப்பாக்கி வாங்கின. அதைத் தடுக்க 2003இல் கிம்பர்லி நடைமுறை வந்தது. ஆனால் அந்த ஏற்பாடு, அரசை எதிர்க்கும் கலகக்காரர்களுக்குப் பணம் போகும் கல்லைத்தான் தடுக்கிறது. அரசின் ஆட்களே சுரங்கத்தில் அடித்து வேலை வாங்கினால் அந்தக் கல் சுத்தம். ஜிம்பாப்வேயின் மராங்கே வயல்களைப் பற்றிய தகராறில், இந்த நடைமுறை உருவாகப் பாடுபட்ட குளோபல் விட்னஸ் அமைப்பே 2011இல் விலகிவிட்டது. எந்த லென்ஸும் காட்டாத புள்ளி இது. "இந்தக் கல்லு எந்தச் சுரங்கத்திலேருந்து வந்தது?" என்று பையனிடம் கேட்டேன். சூரத்திலிருந்து வந்தது என்றான். பட்டை தீட்டிய இடம் அது. அதற்கு முன்னால் எங்கே என்று சான்றிதழில் ஒரு வரி இல்லை.

"அப்போ லேப் வைரம் எடுத்துக்கலாமே, அத்தை" என்றான் தம்பி மகன். ஆய்வகத்தில் வளர்த்தது, அதுவும் கரிமம், அதே படிகம், ஆராய்ச்சிக்காக 2023 பட்ஜெட்டில் சென்னை ஐ.ஐ.டி.க்கு நிதி ஒதுக்கியதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. புள்ளியே இல்லாத கல் கால்வாசி விலைக்கும் கீழே. தம்பி மனைவி லென்ஸில் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு, "பூமியில விளையலையே" என்று தள்ளிவைத்தாள். பூமியில் பிறந்ததற்குப் புள்ளி குறை, புள்ளி இல்லாததற்குப் பிறப்பு குறை. பெண் பார்க்கப் போகும் வீடுகளில் இந்த மாதிரிப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன்.

அதை அவளிடமே சொல்லிவிட்டேன், கடைக்கு வெளியே காபி குடிக்கும்போது. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா கல்லையா சொல்வாங்க, அண்ணி? அவ வந்த நேரம்னு அவளைத்தானே சொல்வாங்க" என்றாள்.

அவளைப் பற்றி என் எண்ணம் அப்போது மாறியது. தோஷம் பார்க்கிற கண் கல்லோடு நிற்காது, பெண்ணின் மேல் ஏறும் என்பதை அனுபவித்தவளாகப் பேசினாள். கல்யாணமாகி வந்த வருஷம் எங்கள் அப்பா படுத்த படுக்கையானபோது எங்கள் வீட்டிலேயே அந்தப் பேச்சு எழுந்தது. அவள் புள்ளிக்குப் பயப்படவில்லை, எங்களைப் போன்றவர்களின் வாய்க்குப் பயந்தாள். ஆனால் பழிக்குப் பயந்து சுத்தமான கல்லாகத் தேடிக் கொடுத்தால், பழி சொல்லும் வழக்கத்துக்கு நாமும் பணம் கட்டியதாகிவிடாதா? சொல்கிறவர்கள் புள்ளி இல்லாவிட்டாலும் சொல்வார்கள். ஜாதகம் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, வலது கால் இடது கால் இருக்கிறது. "அப்படி யாராவது வாயைத் திறந்தா முதல்ல நான் பேசறேன்" என்றேன். அவள் சிரித்தாள்.

கருப்புத் துணுக்கு விஞ்ஞானிகளுக்கு வேறு மாதிரி. பிரேசிலில் கிடைத்த மட்டமான வைரம் ஒன்றுக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் துளி சிக்கியிருந்ததாக 2014இல் அறிவித்தார்கள். பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குள் நீர் பிணைந்திருப்பதை அது காட்டியது. நகைக்கு உதவாத கல் அது. இதைக் கேட்டதும் தம்பி மகனுக்குப் புள்ளிக் கல்லின் மேல் பிரியமே வந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கும் ஒரு கதை வேண்டியிருக்கிறது.

கடைசியில் அந்த எஸ்.ஐ.1 கல்லைத்தான் வாங்கினோம். புள்ளி எங்கே இருக்கிறது என்று பெண்ணிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்ற நிபந்தனையை நான் போட்டேன், அவனும் சொல்லிவிட்டான். தம்பி மனைவி மோதிரத்தை மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சன்னதியில் வைத்து அர்ச்சனை செய்து எடுத்துவந்தாள். இப்போது தோஷம் போய்விட்டது என்கிறாள். நான் வாதாடவில்லை. ஓர் அர்ச்சனைச் சீட்டில் தீர்கிற தோஷத்துக்கு, அடுத்த தரத்துக் கல்லின் விலையைக் கொட்டிக்கொடுக்காமல் வந்தோமே என்று கணக்குப் பார்த்துக்கொண்டேன்.