உழவாரமும் உயிரும்

உழவாரப்படை தாங்கி நிற்கும் திருநாவுக்கரசரின் திருவுருவைச் சிவாலயங்களில் தரிசிக்குந்தோறும், தருமசேனர் என்ற பெயரோடு சமண சங்கத்தில் வாழ்ந்து, புல்லுக்கும் ஓரறிவு உண்டு, மண்ணையே உடலாகக் கொண்ட ஜீவன்களும் உண்டு, ஆதலால் நிலத்தைக் கிண்டுவதும் பசுந்தளிரைக் கிள்ளுவதும் துறவிக்கு ஆகாத ஹிம்சை என்று கற்றவர், பின்னாளில் புல் செதுக்குவதையே தம் கைங்கரியமாக எவ்வாறு மேற்கொண்டார் என்னும் வினா என் மனத்தில் எழாமல் இருப்பதில்லை.

சைவரானதும் புல்லுக்கு உயிரில்லை என்று அவர் எண்ணத் தொடங்கினார் எனக் கொள்வதற்கில்லை. ஆன்மா புல்லாகவும் பிறந்து உழல்கிறது என்பதே சைவர் கொள்கையும். ஈசுவரார்ப்பணமாகச் செய்யும் கர்மம் பந்திக்காது என்று சாஸ்திரம் வல்லார் சமாதானம் கூறுவர். அது செதுக்குபவனைக் காக்குமேயன்றிச் செதுக்குண்ட புல்லைக் காக்காது.

திருப்புகலூரில் அவர் உழவாரம் செலுத்திய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிவிட, அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒன்றாக ஏந்தி வாவியில் எறிந்தார் என்று சேக்கிழார் உரைக்கிறார். இதனைப் பற்றின்மைக்கு உதாரணமாகவே பிரசங்கிகள் காட்டுவர். எனக்கோ இதில் களையைப் பற்றிய ஒரு தத்துவமும் தென்படுகிறது. வெறுங்காலோடு வலம்வரும் அடியாருக்கு நெருஞ்சி முள் எத்தன்மையதோ, கூரிய மணியும் அத்தன்மையதே ஆதலால், பொருளின் மதிப்பை நோக்காது இடத்தின் பயனை நோக்கியே அவர் களைந்தார். பிள்ளையார் திருமுடியில் ஏறும் அருகு நடைவழியில் படர்ந்தால் செதுக்கப்படுவதும் இந்த நியாயத்தினாலேதான். குற்றம் புல்லின்மேல் இல்லை.

ஆயினும், எடுத்த உயிருக்கு ஈடு வேண்டாவா? நம் வீட்டு முற்றத்தில் அதற்கு ஓரளவு வழி உண்டு. மிதிபட்டு இறுகி மெலிந்த தரையிலும் நெருஞ்சி செழிக்கும். கோரையோ, தாளைச் செதுக்கினாலும் மண்ணுள் மறைந்த கிழங்கிலிருந்து மீண்டும் தலைநீட்டும். விதை முற்றுமுன் பறித்த களையை எரிக்காமல் மக்கவைத்துத் தொழு உரத்தோடு அந்த மண்ணுக்கே ஊட்டினால், மண் நெகிழ்ந்து, நட்ட செடிகள் அடர்ந்து நிழல் பரப்ப, வெயிலை நாடும் கோரை தானே தளரும்; ஆயுதத்துக்கு வேலையும் குறையும். கொல்லும் சந்தர்ப்பத்தையே சுருக்கும் இம்முறையைத் தருமசேனரும் ஒருவாறு ஒப்பியிருப்பார். மக்குக் குழியில் மடியும் புழுக்களுக்கு என்ன சொல்கிறீர் என்று அவர் திருப்பிக் கேட்பாராயின், நம் தரப்பில் வாதிட நாவுக்கரசரைத்தான் அழைக்க வேண்டும்.