கோல்ஃப் பந்தயமும் கடைப் பேரேடும்

 

சூது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் நம்மிடையே எவருமிலர். சீட்டாட்ட மேஜையில் நம் கடைப்பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கக் கண்டால் அவனை அன்றே ஊருக்கு அனுப்பிவிடுவோம். ஆனால், அதே சூது வேறோர் உடை உடுத்து, கையில் புள்ளிவிவரத் தாளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், நம்மிற் பலருக்கு அதை அடையாளம் தெரிவதில்லை. படித்தவர்களும் கணக்கில் கெட்டிக்காரர்களுமான சில வியாபாரிகள், மேனாட்டுத் தொழில்முறைக் கோல்ஃப் போட்டிகளில் வெல்லக்கூடிய ஆளைப் பொறுக்கிக் கைத்தொலைபேசி வழியாகப் பணம் கட்டுகிறார்கள். கேட்டால், "ஹஜ்ரத், இது சூதல்ல, ஆராய்ச்சி. சரக்கு வாங்குமுன் சந்தையை ஆராய்வதில்லையா? அது போன்றதுதான் இதுவும்" என்கிறார்கள். இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

அவர்கள் சொல்லும் ஆராய்ச்சி பொய்யன்று. அதையும் ஒப்புக்கொண்டே பேசுவோம். அமெரிக்கச் சுற்றில் ஆட்டக்காரர் அடிக்கும் ஒவ்வோர் அடியும் கருவி கொண்டு அளக்கப்படுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி வகுத்த முறைப்படி, ஒருவர் தூர அடியில் எத்தனை அடி மிச்சம் பிடித்தார், குழியருகே மெல்லத் தட்டுவதில் எத்தனை இழந்தார் என்றெல்லாம் கணக்கிடுகிறார்கள். 2011 முதல் அந்தச் சுற்றே இத்தகைய கணக்கை வெளியிட்டு வருகிறது. இன்ன மைதானம் இன்னாருக்கு ஒத்து வரும், காலையில் ஆடுகிறவருக்குக் காற்று அடங்கியிருக்கும், பிற்பகலில் ஆடுகிறவர் கடற்காற்றில் சிக்குவார் என்று பார்ப்பதும் உண்டு. இதில் உழைப்பும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. கோல்ஃப் ஆட்டத்தையும் நாம் குறை கூறவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே குதிரைகளை ஓடவிட்டுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள் அன்றோ? ஆடுகிறவன் ஆடிப் பரிசு பெறுவது வேறு. ஆடாத இருவர் அவன் முதுகில் பணம் கட்டுவது வேறு.

இனி, அந்த அறிவு எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். பிரிட்டனின் ஓப்பன் போட்டியில் 156 பேர் இறங்குகிறார்கள். இரண்டாம் நாள் மாலையில் சுமார் பாதிப் பேர் மூட்டை கட்டுகிறார்கள். மற்றவர்கள் நான்கு நாட்களில் 72 குழிகள் ஆடி, ஒருவரே வெல்கிறார். ஜாக் நிக்லாஸ் என்னும் மாபெரும் ஆட்டக்காரர் 164 பெரும் போட்டிகளில் இறங்கினார். வென்றவை 18. அந்தப் பதினெட்டை இன்றுவரை எவரும் எட்டவில்லை. ஆக, உலகம் கண்ட மிகச் சிறந்தவர்மீது ஒவ்வொரு முறையும் பணம் கட்டியிருந்தாலும் 146 முறை தோற்றிருப்பீர்கள். அமெரிக்கச் சுற்றில் 82 வெற்றிகள் கண்ட டைகர் வுட்ஸும் ஆடியவற்றில் நான்கில் ஒன்றைக்கூட வென்றாரில்லை.

2016 ஆம் ஆண்டு அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள். பாதி ஆட்டம் முடிந்தபோது ஜோர்டன் ஸ்பீத் ஐந்து அடி முன்னிலையில் இருந்தார். பன்னிரண்டாம் குழி மிகச் சிறியது. மூன்று அடிகளில் முடிய வேண்டியது. இரண்டு முறை பந்தைத் தண்ணீருக்குள் போட்டு ஏழு அடிகள் எடுத்தார். கோப்பை டேனி வில்லெட்டுக்குப் போயிற்று. எந்தப் புள்ளிவிவரத் தாளில் அந்தத் தண்ணீர் எழுதியிருந்தது? 2024 மே மாதம் உலகின் முதல் ஆட்டக்காரரான ஸ்காட்டி ஷெஃப்லரை, லூயிவில் நகரில் போட்டியின் இரண்டாம் நாள் விடியற்காலையில் மைதான வாசலிலேயே போலீஸார் கைது செய்தார்கள். பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. சிறையிலிருந்து வந்து அன்றே 66 அடிகளில் ஆட்டத்தை முடித்தார் என்பது இன்னொரு வேடிக்கை! அதே ஆண்டின் இறுதியில் அவர் சமைத்துக்கொண்டிருக்கையில் கண்ணாடி உடைந்து உள்ளங்கை கிழிந்து, அறுவை சிகிச்சை செய்யும்படி ஆயிற்று. காற்றின் திசையைக் கணக்கிட்டவர், அடுப்பங்கரைக் கண்ணாடியை எங்ஙனம் கணக்கிடுவார்?

நிற்க. இதைக்காட்டிலும் வியாபாரிகளாகிய நீங்கள் கவனிக்க வேண்டியது தராசை.

நம்மவரில் பணமாற்றுக் கடை வைத்திருப்போர் பலர். ஒரு நாணயத்தை வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று; நடுவிலே நிற்பது கடைக்காரரின் கூலி. அது பலகையில் எழுதித் தொங்குகிறது. வருகிறவர் தமக்கு வேண்டிய நாணயத்தை வாங்கிக்கொண்டு பயணம் போகிறார். பந்தயம் வாங்கும் புக்கியும் இப்படித்தான் இரண்டு விலை வைக்கிறான், ஆனால் பலகையில் எழுதுவதில்லை. சம பலமுள்ள இருவரில் யார் குறைந்த அடியில் முடிப்பார் என்பது பந்தயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான விலை, 110 வெள்ளி கட்டினால் வென்றபோது 100 வெள்ளி லாபம். ஒருவர் இவர்மீதும் மற்றவர் அவர்மீதும் கட்டுகிறார்கள். புக்கியின் கையில் 220 வெள்ளி. வென்றவருக்கு 210 கொடுக்கிறான். பத்து வெள்ளி அவனுக்கு. நூறு பந்தயங்களில் ஐம்பதை நீங்கள் சரியாகப் பொறுக்கினாலும் வரவு 5,000, செலவு 5,500. பேரேட்டில் 500 வெள்ளி நஷ்டம். போட்டியை யார் வெல்வார் என்ற பந்தயத்தில் நிலைமை இன்னும் மோசம். பேச்சுக்குப் பத்துப் பேர் சம பலத்தவர் என்போம். நியாயமான விலை, ஒன்றுக்கு ஒன்பது. புக்கி தருவதோ ஒன்றுக்கு ஏழு. பத்துப் பேர்மீதும் நூறு நூறாகக் கட்டினால் உள்ளே போவது 1,000, வெளியே வருவது 800. பெயர்கள் கூடக் கூட இந்தக் கழிவு கண்ணுக்குத் தெரியாமற் கரைந்து கிடக்கும். எடைக்கல்லில் ஒரு பலம் குறைந்தால் கடையையே இரண்டாக்கிவிடும் நம் வாடிக்கைக்காரர், இங்கே கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவதைப் பார்த்தும் பாராததுபோல் இருக்கிறார். அளவில் குறைப்போருக்குக் கேடு என்று எச்சரித்து ஒரு ஸூராவே இறங்கியிருக்கிறது. குறைத்துக் கொடுப்பதை நாம் செய்யமாட்டோம். குறைத்து வாங்குவதற்கு மட்டும் ஆராய்ச்சி என்று பெயரிட்டு வரிசையில் நிற்போமா?

"அப்படியானால், புக்கியையும் மிஞ்சிய அறிவு ஒருவருக்கு இருந்தால் கூடுமா, ஹஜ்ரத்?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களுடைய வாழ்விலே இருக்கிறது.

பாரசீகர் ரோமர்களை முறியடித்தபோது மக்கத்துக் குறைஷிகள் மகிழ்ந்தார்கள். அப்போது, சில ஆண்டுகளுக்குள் ரோமர் வெல்வர் என்று ஸூரத்துர் ரூமின் ஆயத்துகள் இறங்கின. ஸித்தீக் (ரலி) அவர்கள் அந்த வார்த்தையின் உறுதியிலே குறைஷியரோடு ஒட்டகங்களைப் பந்தயம் வைத்தார்கள். சகோதரர்களே, உலகத்தில் இதைவிட உறுதியான தகவலை வைத்துக்கொண்டு பந்தயம் கட்டியவர் உண்டா? புள்ளிவிவரமன்று, வஹீ! சொன்னபடியே ரோமர் வென்றனர். ஆயினும், அது பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது என்று திர்மிதியில் வரும் அறிவிப்பு குறித்துச் சொல்கிறது. கிடைத்ததை ஸதகா செய்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகவும் சில அறிவிப்புகளில் காணப்படுகிறது. அறிவு இருந்தால் பந்தயம் ஹலாலாகும் என்பது சட்டமாயிருந்தால், முதன்முதலில் அந்தச் சலுகை யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும்?

ஆகவே, திறமையா, குருட்டு நஸீபா என்பதன்று கேள்வி. பணம் எதற்காகக் கை மாறுகிறது என்பதே கேள்வி. நீங்கள் ஒரு மூட்டை வெங்காயம் விற்கிறீர்கள். வாங்கியவர் அதைச் சமைக்கிறார், அல்லது கூடுதல் விலைக்கு விற்கிறார். உங்களுக்கும் லாபம், அவருக்கும் தேவை தீர்ந்தது. இருவரும் மறுநாள் முகம் பார்த்து ஸலாம் சொல்வீர்கள். ஒருவர் பொருளை ஒருவர் தவறான வழியில் உண்ணாதீர்கள், மனம் ஒப்பிய வியாபாரமே வழி என்ற கருத்தில் ஸூரத்துன் நிஸாவில் ஆயத்து வந்திருக்கிறது. "பந்தயத்திலும் இருவரும் மனம் ஒப்பித்தானே கட்டுகிறார்கள்?" என்பார் சிலர். இல்லை. இருவரும் ஒப்பியது வெல்வதற்கு; தோற்பதற்கு ஒருவரும் ஒப்பவில்லை. மற்றவன் வயிற்றெரிச்சலோடு தந்தாலன்றி இவனுக்கு வரவு இல்லை. விற்ற பண்டம் எங்கே? செய்த வேலை எங்கே?

அறியாமைக் காலத்து அரபிகளின் மைஸிர் எப்படி நடந்தது என்று தப்ஸீர் ஆசிரியர்கள் விவரிக்கிறார்கள். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு போட்டுப் பத்து அம்புகளைப் பையிலிட்டு உருவுவார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். அவற்றைப் பெற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்கே பகிர்ந்து பெருமை பேசினார்களாம். பசித்தவன் வயிறு நிறைந்த அந்தச் சூதைக்கூட, அதில் மக்களுக்குச் சில பயன் உண்டு, ஆயினும் பாவமே பெரிது என்று ஸூரத்துல் பகரா தள்ளிவிட்டது. இன்றைய புக்கியோ ஒரு துண்டு இறைச்சியையும் ஏழைக்கு எறிவதாகத் தெரியவில்லை.

ஸூரத்துல் மாயிதாவில் இதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. மனிதருக்குள் பகை மூட்டுவது ஒன்று. இறைவன் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பது மற்றொன்று. பகையைப் பாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 இல் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கிய பின் அங்கே பந்தயம் பெருகிற்று. 2023 இல் சிகாகோ அருகே ஒலிம்பியா ஃபீல்ட்ஸ் மைதானத்தில் மாக்ஸ் ஹோமா பந்தைக் குழியில் தட்டக் கையை ஓங்கிய நொடியில், பார்வையாளன் ஒருவன் அவர் தவற வேண்டுமென்று கூச்சலிட்டான். அவன் வைத்திருந்த பந்தயம் சில டாலர். முன்பின் அறியாத ஒரு மனிதரின் கை நடுங்க வேண்டும் என்று ஆசைப்பட அந்தச் சில்லறை போதுமாயிருந்தது. கூச்சலிடாமல் படுக்கையறையில் இருந்துகொண்டு, "தண்ணீரில் விழட்டும்" என்று வேண்டிக்கொள்கிறவரின் உள்ளம் இதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது?

தொழுகைக்கு வருவோம். ஏப்ரலில் அகஸ்டாவுக்கும் சிங்கப்பூருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். அவர்களுடைய ஞாயிறு பிற்பகல் நமக்குத் திங்கள் பின்னிரவு. முன்னணி ஆட்டக்காரர்கள் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாம் குழிகளுக்கு வரும்போது இங்கே ஸுப்ஹுக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிவிடுகிறது. அந்த மூன்று குழிகளின் பகுதிக்கு 1958 இல் ஒரு பத்திரிகை எழுத்தாளர் 'ஆமென் மூலை' என்று பெயர் வைத்தார். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! பள்ளிவாசலில் இமாமின் பின்னே ஆமீன் சொல்ல வேண்டியவர், அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார். பணம் கட்டாதவர் ஆட்டத்தை அணைத்துவிட்டு உளூச் செய்ய எழுந்துவிடுவார். கட்டியவரால் எழ முடியாது. அவருடைய முதல் அங்கே தண்ணீரோரம் உருண்டுகொண்டிருக்கிறது.

வென்றவருக்கும் விடுதலை இல்லை. 2019 ஏப்ரலில் அமெரிக்கர் ஒருவர், டைகர் வுட்ஸ் மாஸ்டர்ஸில் வெல்வார் என்று 85,000 டாலர் கட்டினார். ஒன்றுக்குப் பதினான்கு. வுட்ஸ் வென்றார். லாபம் 11,90,000 டாலர். உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. அவ்வளவோடு நின்றாரா? அவ்வாண்டின் மற்ற மூன்று பெரும் போட்டிகளையும் வுட்ஸே வெல்வார் என்று மேலும் 1,00,000 டாலர் வைத்தார். அடுத்த மே மாதப் போட்டியில் வுட்ஸ் இரண்டாம் நாளோடு வெளியேறினார். முதற்செய்தியைக் கேட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைக் கேட்டிருப்பார்கள்? ஆறு பெரும் போட்டிகளை வென்ற ஃபில் மிக்கெல்சனுக்குக் கோல்ஃப் தெரியாதென்று யாரும் சொல்லார். அவரே 2023 இல், விளையாட்டுப் பந்தயம் தம்மை அடிமையாக்கிற்று என்றும், அன்புக்குரியவர்களின் பக்கத்திலிருந்தும் தம் மனம் அவர்களிடம் இருக்கவில்லை என்றும் பகிரங்கமாக எழுதினார். பணத்துக்குக் குறைவில்லாத வீட்டிலேயே இவ்வாறென்றால், மாத வாடகையும் ஆள் சம்பளமும் பார்த்து நடக்கும் நம் வீடுகளின் கதி யாது?

நாட்டுச் சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். சிங்கப்பூரின் 2022 ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் பெறாதவரிடம் பந்தயம் கட்டுபவரும் குற்றவாளியே.

முன்னரே கட்டி வென்ற பணம் கையில் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்போர் உண்டு. அதைக் கொண்டு ஹஜ்ஜுக்குப் போக எண்ண வேண்டாம். பள்ளிவாசல் உண்டியலிலும் போட வேண்டாம். தோற்றவர் இன்னார் என்று தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். தெரியாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளிடம் தள்ளிவிட வேண்டும் என்பதே ஆலிம்கள் கூறும் வழி. "வா, சூதாடுவோம்" என்று நண்பனை அழைத்தவனே ஸதகா கொடுக்கட்டும் என்று ஹதீஸ் இருக்கிறது, அழைத்ததற்கே அப்படி. தோற்ற பணத்தில் கூட்டாளியின் முதலோ, கடையாட்களின் சம்பளமோ சேர்ந்திருந்தால் அது அமானிதம். தௌபாச் செய்வதோடு அது தீராது. 'பயணச் செலவு', 'சில்லறைச் செலவு' என்று பேரேட்டில் மறைத்து எழுதியவற்றை அடித்து, எடுத்த தொகையைத் தம் பெயரில் பற்று எழுதி, கூட்டாளியிடம் நேரிற் சொல்லித் தவணை கேட்டுக்கொள்ள வேண்டும்.