மூச்சின் காவல்

மூச்சை அடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சிறுவயதில் நாம் அனைவருமே பந்தயம் கட்டியிருப்போம். சற்று நேரத்தில் நெஞ்சு முட்டும். நாம் விரும்பாமலேயே வாய் திறந்துகொள்ளும். இரத்தத்தில் கரியமிலவாயு கூடுவதை மூளையின் அடியிலுள்ள முகுளம் உணர்ந்து, நம் பிடிவாதத்தை மீறி மூச்சை இழுக்க வைக்கிறது. ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் உடலியல் அறிஞர் இருவர் 1905-இல் இதனை விளக்கினர். புரையேறும்போது எழும் இருமலும் நம்மைக் கேட்டு வருவதன்று. மூச்சு நம் விருப்பத்திற்கு முழுவதும் ஒப்படைக்கப்படவில்லை.

இந்தக் காவலையே மழுங்கச் செய்கிறது, பசை, வண்ணக் கரைப்பான் போன்றவற்றின் ஆவியை முகரும் பழக்கம். நடுவண் அரசு 2019-இல் வெளியிட்ட போதைப்பொருள் ஆய்வறிக்கையில், இது ஒன்றில்தான் பெரியவர்களைவிடச் சிறாரின் விழுக்காடு மிகுதி: பெரியவருள் 0.58, 10 முதல் 17 வயதினருள் 1.17.

"தெரிந்துதானே செய்கிறான்?" என்பார் உளர். சாவான பாவத்திற்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று குருமடத்தில் பயின்றோம். பசியை மறக்க முகரும் சிறுவனிடம் இவ்விரண்டையும் எந்தத் தராசில் நிறுப்பது? நாளடைவில் மூளையின் வெண்பொருளே சிதைகிறது. சம்மதம் தரவேண்டிய உறுப்பே கெட்டுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், இரயில் நிலையத்தின் பின்சுவரோரம் அவ்வாறு முகர்ந்துகொண்டிருந்த சிறுவனைக் கண்டோம். அறச்சினம் என்று எண்ணி உரக்க அதட்டினோம். அவன் எழுந்து ஓடினான். சற்றுத் தொலைவு துரத்தவும் செய்தோம். பின்னர் இதனைக் கேட்ட மருத்துவ நண்பர் திடுக்கிட்டார். அந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு எளிதில் பதறச் செய்கின்றன. அந்நிலையில் அச்சமோ ஓட்டமோ துடிப்பைத் தாறுமாறாக்கி நிறுத்திவிடலாம். இத்தகைய திடீர்ச் சாவுகள் 110-ஐ, 1970-இல் பாஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் தொகுத்து எழுதினார். முதன்முறை முகர்ந்தவனுக்கும் இது நேரலாம். ஆகவே அதட்டாமல், துரத்தாமல், காற்றோட்டமான இடத்தில் அமர்த்தி உடனிருக்க வேண்டும். மயங்கினாலோ மூச்சுத் தடுமாறினாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

அவன் அறிவை நிறுக்கப் புறப்பட்ட நமக்கு இது தெரிந்திருக்கவில்லை!

அதன்பின் மும்முறை அங்கே சென்று தேடினோம். மூன்றாம் முறை தேநீர்க் கடைக்காரர் சொன்னார்: "அவனா சாமி? நேத்துகூட வந்து பன்னு கேட்டானே!"