வாசற்படியில் ஒரு தயக்கம்

நியூயார்க் நகரில் பணிபுரியும் என் தங்கை மகன், சில ஆண்டுகளுக்கு முன் அங்கே வீடு வாங்க முயன்றான். ஜாக்சன் ஹைட்ஸ் என்னும் பழைமையான குடியிருப்புப் பகுதியில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. செங்கற் கட்டடம், நடுவே தோட்டம். விலை பேசி முடித்தாயிற்று; வங்கியும் கடன் தர இசைந்தது. பெண்ணாடத்திலிருந்த எங்களுக்குப் புகைப்படங்கள்கூட வந்துவிட்டன. சமையலறை சிறியது என்று என் தங்கை குறையும் சொல்லிவிட்டாள்.

ஆனால் அது கூட்டுறவு வீடு. அவ்வகையில் வாங்குவோர் உண்மையில் வீட்டை வாங்குவதில்லை. கட்டடம் முழுவதும் ஒரு சங்கத்துக்குச் சொந்தம். வாங்குவோர் அச்சங்கத்தின் பங்குகளை வாங்கி, அவற்றின் பேரில் குறிப்பிட்ட வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெறுகிறார். எனவே விற்பவரின் சம்மதம் மட்டும் போதாது. சங்கத்தின் நிர்வாகக் குழுவும் இசைய வேண்டும். குழுவினர் வருமானக் கணக்கையும் நற்சான்றுக் கடிதங்களையும் வாங்கிப் பார்ப்பார்கள். நேரில் அழைத்தும் பேசுவார்கள். இனம், நிறம், சமயம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணமாக்கி மறுப்பதை அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அன்று குழு தன் மறுப்புக்குக் காரணம் கூறவேண்டிய கட்டாயம் இல்லை. என் மருமகனுக்கு வந்த கடிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன.

"மாமா, என்ன குறை என்று சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும்" என்றான் தொலைபேசியில்.

நான் கொதித்துப்போனேன். அப்பகுதியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் எழத் தொடங்கிய குடியிருப்பு அது. தொடக்கக் காலத்தில் யூதருக்கும் கறுப்பினத்தவருக்கும் அங்கே இடமில்லை. 1993இல் அது பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோதோ, அத்தெருக்களில் உலகின் பல நாட்டவரும், நம் நாட்டவரும் குடியேறியிருந்தார்கள். 'கூட்டுறவு' என்ற சொல்லும் என்னை உறுத்தியது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் கூடி அமைத்த சங்கத்தை இவ்வியக்கத்தின் முன்னோடி என்பார்கள். சேர விரும்புவோர்க்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறிகளுள் முதன்மையானது.

நம் நாட்டில் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அகமதாபாத்தில் பார்சி சமூகத்தாருக்கென அமைந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, பார்சி அல்லாதவர் உறுப்பினராக இயலாது என விதி வகுத்திருந்தது. உறுப்பினர் ஒருவர் தம் இடத்தைப் பிறருக்கு விற்க முற்பட்டபோது வழக்கு எழுந்தது. அவ்விதி செல்லும் என்று 2005 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சங்கம் அமைக்கும் உரிமையில் யாரோடு கூடுவது என்பதும் அடங்கும். பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்புப் பிரிவு இத்தகைய சங்கத்தின் விதியைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். தீர்ப்பை முதலில் அறிந்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆறி யோசிக்கையில், எண்ணிக்கையில் அருகிவரும் ஒரு சிறு சமூகம் சேர்ந்து வாழ விரும்புவதைக் குற்றம் என்று எளிதில் தள்ளவும் முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாயிற்று. அந்த விதி எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கலாம், தவறு என்று வாதிடலாம், நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். எழுதப்படாத விதியை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது?

இந்த இடத்தில்தான் என் சினம் என்னையே திரும்பிப் பார்த்தது.

பெண்ணாடத்தில் என் தந்தை கட்டிய ஓட்டு வீடு ஒன்று உண்டு. பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள், பராமரிக்க ஆளில்லை, விற்க முடிவு செய்தேன். ஒரு மாலை ஒருவர் வந்தார். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு திருப்பலியில் எனக்கு இரண்டு வரிசை முன்னே அமர்பவர். காலனியைச் சேர்ந்தவர். "ஐயா, பேத்தியின் பள்ளிக்கூடம் இங்கிருந்து பக்கம்" என்றார். நான் சொன்ன விலையில் ஒரு ரூபாயும் குறைத்துக் கேட்கவில்லை. அவரைத் திண்ணையிலேயே அமர வைத்துப் பேசினேன் என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அன்றிரவே என் சித்தப்பா மகனும் அண்டை வீட்டுப் பெரியவரும் வந்தார்கள். எந்தச் சாதியின் பெயரையும் அவர்கள் உச்சரிக்கவில்லை. "தெருவையும் பார்த்துச் செய்யுங்கள்" என்றார்கள், அவ்வளவே. மறுவாரம் அவரிடம், வீட்டை இப்போது விற்பதாக இல்லை என்று கூறிவிட்டேன். நியூயார்க்கிலிருந்து வந்ததாவது இரண்டு வரி. நான் சொன்னது ஒரே வரி, அதுவும் பொய்.

இவ்வூரில் வாழ்ந்தவராகப் பெரியபுராணம் கூறும் கலிக்கம்ப நாயனாரின் கதையை எங்களூரில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் கேட்டே வளர்கிறோம். அடியார்களை இல்லத்துக்கு அழைத்து, பாதம் கழுவி, அமுது படைப்பது அவர் வழக்கம். மனைவியார் நீர் வார்ப்பார். ஒருநாள் வந்த அடியார், முன்பு அவ்வீட்டிலேயே பணியாளாக இருந்து விலகியவர். அதை அறிந்த அம்மையாரின் கை தயங்கியது. கணவர் அக்கையை வெட்டிவிட்டு, கரகத்தைத் தாமே எடுத்து நீர் வார்த்தார் என்பது கதை. அந்த வெட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்க வேண்டும் என்று எவருக்கும் சொல்லவும் மாட்டேன். என் மனம் நிற்பது அந்தத் தயக்கத்தில்தான். அம்மையார் வாய்திறந்து எதுவும் கூறவில்லை. கரகம் கையோடு நின்றது, அவ்வளவே. என் திண்ணையிலும் அப்படித்தான்.

பெரிய வியாழனன்று நாம் நினைவுகூரும் இரவில் பேதுருவும் தயங்கினார். ஆனால் அவர் தம் தயக்கத்தை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொன்னார். சொன்னதால் பதிலும் பெற்றார். மௌனத்துக்கு யார் பதில் தருவது?

காரணத்தை முகத்துக்கு நேரே சொல்வது அவரை மேலும் புண்படுத்தியிருக்குமே என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படியே எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டேன். ஆயினும் அந்த மௌனம் காத்தது அவரை அன்று, என்னை. "நீங்கள் இன்ன தெருவில் பிறந்தவர், ஆகவே தரமாட்டேன்" என்று என் நாவால் சொல்லியே ஆகவேண்டும் என்றொரு கட்டாயம் இருந்திருந்தால், எனக்குச் சொல் எழுந்திராது. வெட்கத்தாலாவது வீட்டைக் கொடுத்திருப்பேன். வாயால் சொல்லக் கூசும் காரணத்தைக் கையால் மட்டும் எப்படிச் செய்தேன்?

சென்ற மாதம் பெண்ணாடம் இரயில் நிலையத்தில் அவரைக் கண்டேன். அவருடைய மகன் விருத்தாசலத்தில் வீடு கட்டிவிட்டானாம். பேத்தியும் அங்கேதான் படிக்கிறாளாம்.

"ஐயா, வீட்டைக் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். வண்டி வருவதற்கான மணி அடித்தது. "அன்று விற்பதாக இல்லை என்று உங்களிடம் சொன்னேனே, அது உண்மை அன்று."

"தெரியும் ஐயா" என்று கூறிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.